கறுப்பில் எத்தனை கறுப்பு?

1980-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் என்ற இளம் ஓவியர் காகிதத்தில் ஒரு சின்னப் படம் வரைந்தார். ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் என்ன அளவு வருமோ, ஏறக்குறைய அதே அளவு. கறுப்புப் பின்னணி. அதன் மேல் கறுப்பு முகம், கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு. முதல் பார்வைக்குச் சிக்குபவை கண்களின் வெள்ளையும், சட்டையின் வெள்ளை முக்கோணமும், ஒரு பல் விழுந்த இடைவெளியோடு இளிக்கும் பல்வரிசையும்தான். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு மெல்ல மெல்லத் தோள் தெரியும், தொப்பியின் விளிம்பு தெரியும், கன்னத்தின் ஓரம் தெரியும். முட்டையின் மஞ்சள் கருவில் நிறமியைக் குழைத்துத் தீட்டும் டெம்பரா முறையில் செய்த படம். அதனால் எங்கும் பளபளப்பில்லை. வெளிச்சம் போய் விழுந்து அப்படியே அடங்கிவிடுகிறது.

ரால்ஃப் எலிசன் 1952-இல் வெளியிட்ட 'இன்விசிபிள் மேன்' நாவலைப் படித்த வேகத்தில் பிறந்தது இது. கண்ணெதிரே நிற்கும் கறுப்பு மனிதனைப் பிறர் பார்க்க மறுப்பதால், அவன் இருந்தும் இல்லாதவனாகிவிடுகிறான் என்பதே அந்த நாவலின் உயிர்நாடி. மார்ஷல் அதைத் தூரிகையின் பிரச்சினையாக மாற்றிக்கொண்டார். ஒருவர் படத்தில் இருக்கவும் வேண்டும், இல்லாமலும் இருக்க வேண்டும். அதற்குக் கறுப்பின் மேல் கறுப்பை வைத்து, இரண்டுக்கும் இடையே மயிரிழை வித்தியாசத்தை மட்டும் விட்டுவைத்தார்.

ஒதுக்கப்பட்ட மனிதர்களை வரையும் இன்றைய உருவப்பட ஓவியர்களைப் பற்றிப் பேசினால் பேச்சு உடனே கருணை, துணிச்சல், அரசியல் என்று போய்விடுகிறது. தப்பில்லை. ஆனால் அவர்கள் வேலையில் பாதி, கலப்படமில்லாத இயற்பியலும் வேதியியலும். ஒரு கரிய முகம் படத்தில் தெரியாமல் போனால் நாம் தோலைக் குறை சொல்கிறோம். உண்மையில் குறை, அந்த முகத்தை மனத்தில் வைத்துச் செய்யப்படாத கருவியில் இருந்தது. இந்த ஓவியர்கள் முதலில் கருவியைத்தான் திருத்தினார்கள்.

ஐரோப்பிய ஓவிய மரபையே எடுத்துக்கொள்வோம். 1400-ஐ ஒட்டி இத்தாலியில் சென்னினோ சென்னினி எழுதிய கைவேலைக் கையேட்டில் முகம் தீட்டும் முறை படிப்படியாக இருக்கிறது. முதலில் பச்சை மண் நிறத்தில் அடிப்பூச்சு. அதன் மேல் இளஞ்சிவப்பு. பிறகு வெள்ளை கூடிக்கொண்டே போகும். மூக்கு எழும்பி நிற்பதும் கன்னம் உருள்வதும் வெள்ளையை நோக்கி ஏறுவதால் கிடைக்கும் தோற்றங்கள். இந்த முறையில் கறுப்புக்கு ஒரே வேலை, நிழல். இப்படிப் பழகிய கைக்குக் கரிய முகம் முழுக்க முழுக்க நிழலாகத்தான் படும். அந்தப் படங்களில் கறுப்பு மனிதர்கள் தட்டேந்தியபடி ஓரத்தில் நின்றதற்குச் சமூகக் காரணங்கள் நிறைய உண்டு. தொழில்நுட்பமும் தன் பங்குக்கு ஒத்துழைத்தது. விதிவிலக்குகள் இல்லாமலில்லை. ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1650-இல் ரோமில் வைத்து, தன்னிடம் அடிமையாக இருந்த ஹுவான் டி பரேஹாவை ஒரு பிரபுவுக்குரிய மிடுக்கோடு வரைந்தார். பரேஹாவும் ஓவியர்தான். விடுதலைப் பத்திரம் அதே ஆண்டில் எழுதப்பட்டது.

சரி, கரிய தோலில் ஒளி விழும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

விழுந்த ஒளியில் ஒரு சிறு பங்கு, நேராக விழும்போது நூற்றுக்கு நான்கைந்து, உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. காற்றின் ஒளிவிலகல் எண்ணும் தோலின் மேலடுக்கின் ஒளிவிலகல் எண்ணும் வேறு வேறாக இருப்பதால் வரும் பிரதிபலிப்பு இது. தோலுக்குக் கருமை தரும் நிறமியான மெலனினுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. நார்வேக்காரருக்கும் நைஜீரியாக்காரருக்கும் இதே அளவுதான். மீதி ஒளி உள்ளே போகிறது. மேல்தோலில் மெலனினைக் கடந்து, கீழே கொலாஜன் இழைகளில் சிதறி, இரத்தத்துக்குக் கொஞ்சம் கொடுத்து, மறுபடி மெலனின் வழியாகவே வெளியே வர வேண்டும். சுங்கச்சாவடியில் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை பணம் கட்டுவது போல. மெலனின் அதிகமென்றால் திரும்பி வருவது குறைவு.

இதிலிருந்து ஓர் ஆச்சரியமான முடிவு கிடைக்கிறது. வெளிர்ந்த தோலில் உள்ளிருந்து வரும் ஒளி ஏராளம். மேற்பரப்பின் மினுக்கம் அதில் மூழ்கிவிடும். அந்த முகத்தின் வடிவத்தைச் சொல்வது நிழல். கரிய தோலில் உள்ளொளி குறைவு என்பதால் மேற்பரப்பின் மினுக்கம் அதற்குச் சமமாக, சில இடங்களில் அதைவிட மேலாக நிற்கும். எனவே கன்ன எலும்பையும் மூக்குத் தண்டையும் காறை எலும்பையும் நமக்குக் காட்டித் தருவது மினுக்கம்தான். அந்த மினுக்கம் விளக்கின் நிறத்தையே தாங்கி வரும். திறந்த வானத்தின் கீழ் நீலம். குண்டு பல்பின் கீழ் மஞ்சள். அந்திவெயிலில் செம்பு. கரிய முகத்தில் நிறம் குறைவு என்று நினைப்பவர்கள், மாலை ஐந்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்று கொஞ்சம் பார்க்கலாம்.

இதைத் தெரிந்துகொண்டால் நம் ஊர் ஸ்டுடியோக்களில் தலைமுறை தலைமுறையாக நடந்த தவறும் புரியும். கண்ணாடி முன்னால் சீப்பும் பவுடர் டப்பாவும் வைத்திருப்பார்கள். 'பவுடர் போட்டுக்கிட்டு வாங்க' என்பார் போட்டோகிராபர். பவுடர் துகள்கள் ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கும். மினுக்கம் செத்துப்போகும். கரிய முகத்துக்கு வடிவம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே சாட்சியை அழித்துவிட்டு, அதன் மேல் சாம்பல் திரையையும் போட்டு, 'பிரிண்ட்ல முகம் எடுக்கலையே' என்று வருத்தப்பட்டோம். 2016-இல் வந்த 'மூன்லைட்' படத்தில் இயக்குநர் பேரி ஜென்கின்ஸும் ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லேக்ஸ்டனும் நேர் எதிராகச் செய்தார்கள். நடிகர்களின் முகத்துக்குப் பவுடருக்குப் பதில் எண்ணெய். மயாமி வெயிலில் அந்த முகங்கள் எப்படி ஜொலிக்கின்றன என்பதைப் படம் பார்த்தவர்களிடம் கேட்க வேண்டும்.

ஃபிலிம் காலத்தின் கதை இன்னும் மோசம். 1950-களிலிருந்து கோடக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவந்தது. வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் உருவப்படம். முதல் மாடலாக நின்ற பெண்ணின் பெயரால் அதற்கு 'ஷெர்லி கார்டு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. கரிய தோல் எப்படி வந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. ஒரே படத்தில் வெள்ளைக் குழந்தையும் கறுப்புக் குழந்தையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால், வெள்ளை முகத்துக்கு எக்ஸ்போஷர் சரியாக இருக்கும். கறுப்பு முகம் பட்ட இடத்தில் ஃபிலிமில் போதுமான ஒளியே பதிந்திருக்காது. பிரிண்டில் கண்ணும் பல்லும் மட்டும் வரும். மார்ஷல் 1980-இல் வேண்டுமென்றே வரைந்ததை அமெரிக்கப் பள்ளிக்கூட வகுப்புப் படங்கள் ஆண்டுக்கணக்கில் தானாகவே செய்துகொண்டிருந்தன. தாய்மார்கள் புகார் சொன்னார்கள். எதுவும் மாறவில்லை.

மாறியது எப்போது தெரியுமா? கனடாவின் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் கோடக் ஊழியர்களிடம் விசாரித்து இதை எழுதினார். சாக்லேட் விளம்பரக்காரர்கள், பால் சாக்லேட்டும் கறுப்புச் சாக்லேட்டும் படத்தில் ஒன்றுபோல் இருக்கின்றன என்றார்கள். மரச்சாமான் விற்பவர்கள், மரத்துக்கு மரம் வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டும் ஃபிலிமுக்கு முயற்சி வேகம் பிடித்தது. மேசையும் மிட்டாயும் சிபாரிசு செய்து மனிதருக்குக் கிடைத்த சலுகை. பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் மாதிரி அட்டை வந்தது 1990-களில்.

மார்ஷலிடம் திரும்புவோம். அந்தச் சின்னப் படத்தில் கறுப்பு தட்டையாக இருந்தது. இருக்க வேண்டுமென்றே இருந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் அவருக்கு அது போதவில்லை. தட்டையான கறுப்பு ஒரு கருத்தைச் சொல்லும், மனிதரைக் காட்டாது. வெள்ளையைக் கலந்து முகத்தைப் 'பழுப்பு' ஆக்குவது எளிய வழி. அதை அவர் எடுக்கவில்லை. கறுப்புக்குள்ளேயே வெப்பமும் குளிர்ச்சியும் தேடினார்.

கடையில் கறுப்பு என்று விற்கும் சாயக் குழாய்களில் இருப்பவை வேறு வேறு பொருள்கள். ஐவரி பிளாக் எனப்படுவது ஒரு காலத்தில் யானைத் தந்தத்தைக் காற்றில்லாமல் சுட்டு எடுத்தது. இன்று மாட்டெலும்புக் கரி. அதில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட், கார்பன் கொஞ்சம்தான். அதனால் லேசான பழுப்புச் சாயல். கார்பன் பிளாக் கிட்டத்தட்டச் சுத்தமான புகைக்கரி. நம் கண்மைக்கு ஒன்றுவிட்ட உறவு. துகள்கள் மிக நுண்ணியவை. வெள்ளையோடு கலந்தால் நீலம் கலந்த சாம்பல் வரும். மார்ஸ் பிளாக் செயற்கை இரும்பு ஆக்சைடு. கனமானது, அடியில் இருப்பதை நன்றாக மறைக்கும், காந்தத்துக்கு இழுபடும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் தீட்டினால் மூன்று கறுப்புகள் மூன்று திசையில் சாய்வது கண்ணுக்கே தெரியும். மார்ஷல் இந்த மூன்றோடு கோபால்ட் நீலம், குரோமியம் ஆக்சைடு பச்சை, டையாக்சசின் ஊதா ஆகியவற்றை மிகக் கொஞ்சமாகச் சேர்த்துத் தன் கறுப்புகளைப் பெருக்கிக்கொண்டார். ஒரு கன்னத்தில் பச்சை சாய்ந்த கறுப்பு, கழுத்து மடிப்பில் ஊதா சாய்ந்த கறுப்பு. முகம் உருண்டு எழுகிறது. கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது.

இந்தக் கறுப்பை வைத்து அவர் வரைந்தது யாரை? 1993-இன் 'டி ஸ்டைல்' படத்தில் ஒரு முடிதிருத்தகம். அண்ணாந்து பார்க்கும் அளவு பெரிய திரை. நாற்காலியில் வாடிக்கையாளர், பின்னால் ஆசி வழங்கும் துறவியைப் போல் கையை உயர்த்திய தொழிலாளி, கோபுரமாய் எழுந்து நிற்கும் தலைமுடிகள். ஐரோப்பிய வரலாற்று ஓவியங்களில் அரசர்களுக்கும் திருத்தூதர்களுக்கும் ஒதுக்கிய அளவும் அமைப்பும் இங்கே ஒரு சலூனுக்கு. 1997-இன் 'பாஸ்ட் டைம்ஸ்' ஏறத்தாழ நான்கு மீட்டர் அகலம். ஏரிக்கரையில் ஒரு கறுப்புக் குடும்பம் விரிப்பு விரித்து உட்கார்ந்திருக்கிறது. பின்னால் கோல்ஃப், படகு. வேறொன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காமைதான் விசேஷம். சிகாகோவின் பொதுக் கண்காட்சி வளாகம் ஒன்று அதை 25,000 டாலருக்கு வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தது. 2018-இல் ஏலத்தில் அது 2 கோடியே 11 லட்சம் டாலருக்குப் போனது. விலை ஓவியத்தின் தரத்துக்குச் சான்றாகாது. ஆனால் கூடத்தில் மாட்டிய படத்தை எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள் என்று யோசிக்க வைக்கிறது.

ஏமி ஷெரால்ட் பிடித்தது வேறு வழி. 1973-இல் ஜார்ஜியாவில் பிறந்தவர். 38 வயதுவரை உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். 39-இல் இதய மாற்று அறுவை சிகிச்சை. தெருவிலோ கடையிலோ கண்ணில் படும் சாதாரண மனிதர்களை அணுகி, தானே உடை தேர்ந்து, புகைப்படம் எடுத்து, அதிலிருந்து தீட்டுவார். உடை பளீரென்ற நிறத்தில் இருக்கும். பின்னணி ஒரே வண்ணம். தோல் மட்டும் சாம்பல். கறுப்புச் சாயத்தில் நேப்பிள்ஸ் மஞ்சள் கலந்து எடுத்த சாம்பல்.

2018 பிப்ரவரியில் வாஷிங்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் அவர் வரைந்த மிஷெல் ஒபாமா படம் திறக்கப்பட்டபோது, 'ஏன் நிறமே இல்லை, ஜாடையே இல்லையே' என்று பலர் முணுமுணுத்தார்கள். இங்கே கண்ணின் அமைப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வெளிச்சம், இருட்டு என்ற செய்தியையும் நிறம் என்ற செய்தியையும் மூளை பெருமளவு தனித்தனிப் பாதைகளில் கையாள்கிறது. வடிவம், ஆழம், முகத்தின் அமைப்பு ஆகியவை முதன்மையாக வெளிச்சச் செய்தியிலிருந்து கிடைப்பவை. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1905-இல் தன் மனைவியின் முகத்தில் பச்சையைத் தீட்டியும் முகம் முகமாகவே நின்றது இதனால்தான். ஷெரால்ட் அடுத்த கோடிக்குப் போனார். நிறத்தை எடுத்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் வைத்தார். ஆளைப் பார்த்ததும் இனம் என்று மனம் ஒட்டும் முதல் சீட்டு கழன்றுவிடுகிறது. நிற்கும் தோரணை, பார்வை, கைகள் வைத்திருக்கும் விதம் ஆகியவை முன்னே வருகின்றன. கறுப்பு மனிதர்களின் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் தனக்கு முன்மாதிரி என்கிறார் அவர். 1900 பாரிஸ் கண்காட்சிக்காகக் கறுப்பினச் சமூகவியலாளர் டுபாய்ஸ் தொகுத்த படங்கள் அவற்றில் முக்கியமானவை.

ஆனால் ஷெரால்டின் சாம்பலை நீண்ட நேரம் பார்த்தால் அது சாம்பலாக நிற்பதில்லை. இதற்கு விளக்கம் ஒரு நெசவாலையில் இருக்கிறது. 1820-களில் பாரிஸின் கோபலான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம் ஒரு புகார் வந்தது. நீல, ஊதாத் துணிகளில் நிழலுக்காகச் சேர்க்கும் கறுப்பு நூல் சோகை பிடித்ததுபோல் இருக்கிறதாம். அவர் மற்ற ஆலைகளின் கறுப்பு நூலையும் வரவழைத்து ஒப்பிட்டார். சாயத்தில் குறையில்லை. பக்கத்து நிறம்தான் கறுப்பின் தோற்றத்தைத் திருகியது. எந்த நிறத்தின் அருகில் சாம்பலோ கறுப்போ இருந்தாலும், அந்த நிறத்துக்கு எதிர் நிறத்தின் சாயல் அதில் படிவதாகக் கண் உணரும் என்று 1839-இல் விரிவான நூலே எழுதிவிட்டார். நீலப் பின்னணியில் ஷெரால்ட் வைத்த சாம்பல் தோலில் இளஞ்சூடு ஏறுவது இப்படித்தான். சாயக் குழாயில் இல்லாத நிறத்தைப் பார்ப்பவர் கண்ணே தயாரித்துக்கொள்கிறது.

யாரை வரைவது என்பதில் ஷெரால்டுக்குச் சமரசம் கிடையாது. சுதந்திர தேவி சிலையின் கோலத்தில் ஒரு கறுப்புத் திருநரை அவர் வரைந்திருந்தார். அதைக் கண்காட்சியில் வைப்பது பற்றிக் கேள்வி எழுந்தபோது, அதே தேசிய உருவப்படக் கூடத்தில் நடக்கவிருந்த தன் முழுக் கண்காட்சியையும் 2025 ஜூலையில் விலக்கிக்கொண்டார்.

தென்னாப்பிரிக்காவின் ஜனெலி முஹோலி தூரிகைக்குப் பதில் கேமராவைப் பிடித்தவர். 2006-இலிருந்து 'ஃபேசஸ் அண்ட் ஃபேசஸ்' என்ற தொடரில் கறுப்புத் தன்பாலீர்ப்புப் பெண்களையும் திருநர்களையும் படமெடுக்கிறார். படங்களின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டது. அந்நாட்டு அரசியல் சாசனம் அவர்களுக்குச் சம உரிமை தருகிறது. தெருவில் அவர்களுக்கு அடியும் கொலையும் காத்திருக்கின்றன. எல்லாப் படமும் கறுப்பு வெள்ளை. எல்லாரும் நேரே நம்மைப் பார்க்கிறார்கள். வரிசையாக மாட்டும்போது நடுநடுவே சில இடங்களை வெறுமையாக விடுவது முஹோலியின் வழக்கம்: இறந்துபோனவர்களுக்கும், இனிமேல் வரப்போகிறவர்களுக்கும். தன்னையே எடுத்துக்கொண்ட இன்னொரு தொடரில் படத்தின் கான்ட்ராஸ்டைக் கூட்டித் தன் தோலை உள்ளதைவிடக் கறுப்பாக்குகிறார். ஷெர்லி கார்டு எந்தத் திசையில் தள்ளியதோ அதற்கு நேர் எதிர்த் திசையில் ஓர் உந்துதல்.

டிஜிட்டல் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் வணிகச் சந்தையில் இருந்த மூன்று முக ஆய்வு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளிர்ந்த நிற ஆண்களுக்கு வந்த அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம், கரிய நிறப் பெண்களுக்கு 34.7 சதவீதம் வரை. மென்பொருளுக்குக் காட்டிப் பழக்கிய முகங்களில் அவர்கள் குறைவு. ஷெர்லி கார்டு இப்போது அட்டையில் இல்லை, தரவில் இருக்கிறது.

மிச்சம் உங்கள் கையில் இருக்கும் போனில்தான். கரிய நிறத்தவரைப் படமெடுக்கும்போது பவுடர் வேண்டாம். முகம் கழுவிய ஈரத்தோடோ துளி எண்ணெயோடோ இருந்தால் நல்லது. ஃப்ளாஷை நேரே அடிக்காமல், ஜன்னலின் பக்கவாட்டு வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். திரையில் முகத்தைத் தொட்டு ஒளி அளவை நிர்ணயியுங்கள். எதைத் தொட்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது கேமராவின் பழக்கம். அதனால் முகம் வெளுக்கும். அப்போது ஒளியைச் சற்றே கீழே இழுங்கள், நிறம் தன் இடத்துக்கு வரும். அழகுபடுத்தும் ஃபில்டர் ஏதாவது தானாக ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை அணையுங்கள்.